கயிற்றை யார் கையில் கொடுப்பது?



தொழிற்சாலையில் நஷ்டம் வந்தால் முதலாளி உடனே சொல்லுவது, "தொழிலாளிகள் யோக்கியர்கள் அல்ல" என்பதுதான். இது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒரு உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள், யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து பிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. தினமும் 100க்கு சுமார் 20 பேர் வேலைக்கு வரமாட்டார்கள். வருபவர்களிலும் சிலர் கார்க் கதவுக்குள் காலிப் புட்டியைப் போட்டு மூடிவிடுவார்களாம்! 1982ல் கம்பெனி அதை இழுத்து மூடிற்று. 1984ல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி கூட்டுச் சேர்ந்து, நம்மி என்ற பெயரில் அதைத் திறந்தது. புதிதாக ஆள் பிடித்தார்களா? இல்லை. பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம். இரண்டொரு வருஷத்தில் அமெரிக்காவிலேயே நல்ல கார் செய்யும் இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிற்று.

ஆட்களின் பிறவிக்குணம் மாறிவிட்டதா? மாறியது நிர்வாகமேயாகும். கார்கள் நகர்ந்து வரும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்கள். தப்பு ஒன்றைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வந்து உதவி செய்ய வேண்டும்; தப்பு தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். முன்பெல்லாம் வரிசையை நிறுத்துவது மகா பாவம். கோணல் காரானாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் போகும் என்று தெரிந்தே அக்கயிற்றைத் தொழிலாளி கையில் கொடுத்தார்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மேடையில் பேச என்ன செலவு?

அதிகாரிகளின் தனிச் சாப்பாட்டு அறையையும் எடுத்துவிட்டார்கள். (தனிப் பந்தியின் மகிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) ஆட்களைக் குறைக்கும் முன் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பதாகச் சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார்கள். 1988 வாக்கில் வியாபாரம் படுத்தது. அப்போதும் ஒருவரையும் நீக்காமல், வேலையில்லாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எழுத்து நிஜமென்று தொழிலாளி அன்றுதான் கண்டான்.

முடிவை மறைப்பது யோக்கியமாகாது. 2009ல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகிற்று. சங்கம் ஆட்சேபித்தும் கேளாமல் 2010 ஏப்ரல் 1ந் தேதி டொயோட்டாவும் மூடிற்று. சுமார் 4,700 பேருக்கு வேலை போயிற்று. அக்கட்டடத்தில் இப்போது கார் செய்வது டெஸ்லா கம்பெனி. அங்கே சங்கம் இல்லை.