கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டார்ச்

பெங்களூருவின் தெருவிளக்குக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அங்கே 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் போனது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. மூன்று ஆண்டு கழித்து, 1905 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, பெங்களூரு நகர மார்க்கெட் பக்கம் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் பல பெரிய ஊர்களுக்கும் அது கிடைக்கவில்லை.

இத்தனை காலம் விளக்கு எரியும் ஊரில் டார்ச் எதற்கு என்று கேட்கலாம்.

தெருவிளக்கு தெருவுக்குத்தான். கட்டடம் எழும்பும் இடத்துக்கு அது வராது. தகரக் கொட்டகைக்கும் வராது. ஏரிக்கரைக்கும், ராஜகால்வாய் ஓரத்துக்கும் வராது. பெங்களூருவில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் அதில் உண்டு. செங்கல் அடுக்கு, மணல் குவியல், பலகைக் குவியல் இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

அதிலும் கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குபவரின் பாய்க்குள் புகுந்துவிடும். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். கடித்த இடத்தில் வலி இருக்காது. பல் பட்ட அடையாளமும் சில சமயம் தெரியாது. எறும்பு கடித்தது என்று மறுபடியும் படுத்துக்கொள்வார்கள். பிறகு வயிறு வலிக்கும். கண் இமை தானாக மூடும். பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விட முடியாமல் போகும்.

ஏதோ சுருக்கென்று பட்டதும் டார்ச்சைப் போட்டுப் பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்று தெரிகிறது. அவர் மருத்துவமனைக்குக் கிளம்புகிறார். இருட்டிலே படுத்துவிட்டவருக்கு விடியும்போதுதான் தெரிகிறது. அந்த நாலைந்து மணி நேரம்தான் உயிர். பாம்பு கண்ணில் படவில்லை என்றாலும், இமை கனத்தால், வயிறு வலித்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 58 ஆயிரம் உயிர்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். கர்நாடக அரசு 2024-இல் ஓர் உத்தரவு போட்டது. மருத்துவமனைகள் பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. கணக்கே இல்லாவிட்டால் மருந்து எங்கே எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? அந்த மருந்து செய்ய விஷம் வேண்டுமே. அதை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் பக்கத்து இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1978-இல் தொடங்கிய சங்கம் அது.

டார்ச் பாம்பை விரட்டாது. பாம்பை நமக்குக் காட்டும், அவ்வளவுதான். வெளிச்சத்தைத் தூரத்தில் அடிக்காமல் கால் வைக்கும் இடத்துக்கு இரண்டு அடி முன்னால் அடிக்க வேண்டும். இரவில் வெளிக்குப் போகும்போது செருப்புக்குள்ளும் ஒரு முறை அடித்துப் பார்ப்பது நல்லது. தூங்கும்போது கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வருவது கடினம். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செல்போனிலேயே டார்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் சார்ஜ் தீர்ந்தால் வெளிச்சமும் போகும், 108-ஐக் கூப்பிடுவதும் போகும். அதன் வெளிச்சம் பக்கத்தில்தான் பரவும். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட அது போதாது.

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்ட கதை ஒன்று தென்காசி மாவட்டத்தில் உண்டு. 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளாவிலிருந்து பலகை ஏற்றி வந்த லாரி ஒன்று, புளியரை அருகே மலைச் சாலையிலிருந்து கீழே இருந்த ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் சத்தம் கேட்டு எழுந்தார்கள். அந்த வழியில் ரயில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினார்கள். வெளிச்சம் காட்டி ரயிலை நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது.

அவர்களுடையது சாதாரண டார்ச். சிவப்பு விளக்கு இல்லையே, ஓட்டுநருக்கு எப்படிப் புரியும்? ரயில்வே விதியிலேயே வழி இருக்கிறது. இரவில் ரயிலை நிறுத்தச் சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் வெள்ளை விளக்கை வேகமாக வீசி ஆட்ட வேண்டும். சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் யாரோ நடந்து போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓடுகிற ரயில் பிரேக் போட்டதும் நின்றுவிடாது. பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். அதனால் லாரிக்குப் பக்கத்திலேயே நிற்காமல் ரயில் வரும் திசையில் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு ஓட வேண்டும்.

டார்ச்சை அழுத்தக் கூடாத சமயமும் ஒன்று உண்டு. வீட்டில் கேஸ் நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. டார்ச் சுவிட்சும் அதில் சேர்ந்ததுதான். சின்னப் பொறி போதும், வீடு பற்றிக்கொள்ளும். இருட்டிலேயே கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வர வேண்டும்.

மழைக் காலத்தில் ரோட்டில் தண்ணீர் நின்றால் சாக்கடை மூடி திறந்து கிடப்பது தெரியாது. கலங்கிய தண்ணீருக்குள் டார்ச்சும் காட்டாது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு. கம்பால் ஊன்றிப் பார்த்துத்தான் அடி வைக்க வேண்டும். பின்னால் வரும் வண்டிக்காரருக்கு ஆள் நடப்பதைக் காட்டுவதும் அந்த வெளிச்சம்தான்.

டார்ச்சை நாள் கணக்கில் உபயோகிக்காமல் வைத்தால் பேட்டரிக் கட்டையைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பழைய கட்டை ஒழுகி உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். தீர்ந்த கட்டையை அடுப்பில் போடக் கூடாது, வெடிக்கும். மழைக்கு முன்னால் இரண்டு புதுக் கட்டை வாங்கி வைப்பது நல்லது. டார்ச்சைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்கள் உண்டு. கரண்ட் போனதும் அதைத் தேடத் தீப்பெட்டியைத் தேடுவார்கள்! தலைமாட்டில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம்.