குளக்கரையில் இருந்த குழந்தை



ஐந்தாம் திருநாளாகிய இன்று இடப வாகனக் காட்சி கண்டு மகிழ்ந்திருக்கிறீர்கள். சீகாழிப் பிள்ளையாரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். பாலுண்ட வரலாறு உங்களுக்கு மனப்பாடம். ஆகையால் ஓரிடத்தில் மட்டும் நிற்கிறேன். சிவபாத இருதயர் குழந்தையைக் கரையில் இருத்திவிட்டு நீருள் மூழ்குகிறார். தந்தையைக் காணாது பிள்ளை அழுகிறது. அவர் செய்தது பிழையா? அன்று, நீராடுதல் அவர் நியமம். ஆயின் அவர் மூழ்கியிருந்த அச்சிறு பொழுதில் குழந்தைக்குத் துணை யார்? அன்று அம்மையப்பர் இருந்தனர்.

சென்ற ஆண்டுத் திருவிழாவில், அன்னதானப் பந்தியருகே ஒரு தாய் தன் குழந்தையைச் சேலைத் தலைப்பால் தூணோடு பிணைத்துவிட்டுப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்டவுடன் கடிந்துகொண்டேன். இன்றளவும் அதற்கு நாணுகிறேன். அவள் மாநகரிலுள்ள வீடற்றோர் விடுதி ஒன்றில் தங்குபவள். விடியுமுன் கோயம்பேட்டுக்குச் சென்று பூ வாங்கி வருபவள். "அங்கன்வாடி இருக்கிறதே, அம்மா?" என்றேன். "அது திறக்குமுன்னே என் பாதி வேலை முடிந்துவிடும் ஐயா. அதுவரை இவனை எங்கே விடுவேன்?" என்றாள். எனக்கு மறுமொழி இல்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. பெருநகரங்களில் இலட்சம் மக்களுக்கு ஒரு விடுதியேனும், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் இயங்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள் ஆளுக்கு 50 சதுர அடி இடம் வகுத்தன. விடுதிப் பிள்ளைகளை அங்கன்வாடியோடும் பள்ளியோடும் இணைக்கவும் பணித்தன. கூரை கிடைத்தது பெரிதே. ஆனால் அந்த ஐம்பது அடியில் ஒரு பாயும் இரண்டு மூட்டையும் வைத்தபின், பிள்ளை தவழ்வதெங்கே, எழுதுவதெங்கே?

அவளுடைய மூத்த மகனுக்குப் பதினொரு வயது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பள்ளி திருப்பி அனுப்பியதால் ஈராண்டு வீணாயிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி அவ்வாறு மறுத்தல் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சியும் தரவேண்டும். இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவருமில்லை. அதிலும் அச்சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. வளர்ந்த பையனைப் பெண்கள் விடுதியில் வைத்துக்கொள்ளவும் இயலாது. மூட்டை தூக்கப் போவதும், தாயைப் பிரிந்து தெருவில் படுப்பதும் அவ்வயதில்தான் தொடங்குகின்றன. குழந்தைக்கு இரங்கும் நாம், மீசை அரும்பிய பிள்ளையைக் கண்டால் விலகி நடக்கிறோமே!

நமது வசந்த மண்டபம் ஆண்டில் பத்து நாள் தவிரப் பூட்டியே கிடக்கிறது. மாலை ஆறு முதல் எட்டு வரை அங்கே விளக்கும் பாயும் இருந்தால் போதும், பிள்ளைகள் படிப்பார்கள். திருவனந்தலுக்குக் கதவு திறக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தாய்மார் சிலர் முன்வர வேண்டும். எவரும் தனியே பொறுப்பேற்க வேண்டா. எந்நேரமும் இருவர் இருத்தல் வேண்டும். இது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. யாரையும் ஐயுற்று அன்று. அறங்காவலர்கள் மண்டபத்தின் திறவுகோலைத் தர இசைந்துள்ளார்கள்.

பெயர் தர விரும்புவோர் பந்தி முடிந்ததும் மடைப்பள்ளி வாயிலில் என்னைக் காணலாம். அந்த விடுதியில் இப்போது ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். மூவர் இன்னும் நடக்கப் பழகவில்லை.