விடவேண்டிய மீன்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வடமேற்கே செல்வோர் சுருட்டப்பள்ளியைக் கடந்ததும் நாகலாபுரத்தை அடைவர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. தன் அன்னை நாகலாம்பாவின் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் இவ்வூரை அமைத்தார் என்பர். இங்குள்ள வேதநாராயண சுவாமி கோயிலில் திருமால் மச்சாவதார வடிவில் எழுந்தருளியிருக்கிறார். இடைக்கு மேல் தெய்வ உருவம், இடைக்குக் கீழ் மீன் உருவம். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் மாலைவேளையில் கதிரவனின் ஒளி கருவறையினுள் புகுந்து, முதல் நாள் திருவடியிலும், அடுத்த நாள் உந்தியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படிகிறது.

மீனையே தெய்வமாகத் தொழும் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று நேயர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் காரணம் உண்டு. நாகலாபுரத்தைச் சுற்றி மலையோடைகளும் ஏரிகளும் இருக்கின்றன. அருகிலேயே பிச்சாட்டூரில் ஆரணியாற்று நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்த ஆறு சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியே ஓடிப் பழவேற்காட்டுக்கு அருகில் கடலை அடைகிறது. நீர் இருக்கும் இடத்தில் மீன் உண்டு. மீன் இருக்கும் இடத்தில் கோலும் நரம்புமாக ஒருவர் கரையில் அமர்ந்திருப்பதும் உண்டு. நேயர்கள் இன்று எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், இந்தக் காட்சி அங்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அக்கரைக்குச் சென்று அமர விரும்புவோர்க்குச் சில செய்திகளைக் கூற விழைகிறேன்.

முதலில் கருவிகள். நன்னீர்த் தூண்டிலுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. வளையும் தன்மையுள்ள மூங்கிற்கோல் ஒன்று, நைலான் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் ஆகிய ஐந்தும் போதும். கெண்டை வகைகளுக்கு 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள நரம்பு ஏற்றது. முடிச்சை இறுக்குமுன் நீரால் நனைத்துக்கொள்க. உலர்ந்த நரம்பு உராய்வினால் சூடேறி வலுவிழக்கும். பல மீன்கள் அறுத்துக்கொண்டு போவது முடிச்சில்தான்.

முள் வாங்கும்போது புதியவர்கள் ஏமாறுவது எண்ணில். எண் பெரிதாகப் பெரிதாக முள் சிறியதாகும். 10ஆம் எண் முள் 6ஆம் எண் முள்ளைவிடச் சிறியது. எண்ணுக்குப் பின் சாய்கோடும் சுழியும் இட்ட பெரிய முட்களில் மட்டும் இம்முறை தலைகீழாகும். அங்கே எண் வளர முள்ளும் வளரும். கெண்டையின் வாய் சிறியது. ஆதலால் சிறு முள்ளே அதற்குப் பொருந்தும்.

தக்கையைப் பற்றியும் ஒரு சொல். தக்கை நீருள் அமிழ்ந்தால்தான் மீன் கடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். அடிமண்ணில் மேயும் மீன் இரையைக் கவ்வித் தலையை உயர்த்தும்போது ஈயக்குண்டும் உடன் எழும். அப்போது நிமிர்ந்து நின்ற தக்கை சாய்ந்து நீர்மேல் படுத்துவிடும். அதுவும் கடிதான்.

இனி மீன்கள். ஏரியை மூன்று அடுக்குள்ள ஒரு வீடாகக் கருதலாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் பெரும்பாலும் மேயும். எனவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நரம்பின் நீளமே எந்த மீனைத் தேடுகிறோம் என்பதை முடிவு செய்கிறது. இவற்றிற்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து பிசைந்த மாவுருண்டை நல்ல இரை. தொடங்குமுன் அதே கலவையில் இரண்டொரு பிடியைத் தக்கை நிற்கும் இடத்தில் தூவிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்தால் மீன் கூடும். கெளுத்திக்கு மண்புழு, அதற்கு ஏற்ற நேரம் அந்தியும் இரவும். சிறுவர்க்கு ஏற்றது ஜிலேபிக் கெண்டை. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் விரைந்து பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பற்றிக்கொண்டது. இதை எத்தனை பிடித்தாலும் ஏரிக்குக் குறைவில்லை.

தேளி மீனிடம் எச்சரிக்கை வேண்டும். அதன் மார்புத் துடுப்புகளில் நச்சுள்ள முட்கள் உண்டு. வெறுங்கையால் பற்றலாகாது. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். பின்னர் மருத்துவரை நாடுக.

காலமும் அறிய வேண்டும். நீர் சூடேற ஏற, அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. கோடை நண்பகலில் மீன் ஆழத்திலும் நிழலிலும் சோர்ந்து கிடக்கும். விடியற்காலையும் மாலையுமே அது இரை தேடும் வேளைகள். கரையில் அடி ஓசை எழாமல் நடத்தல் வேண்டும். மீனின் உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் உணர்வுக்கோடு நீரின் சிறு அதிர்வையும் அதற்கு உணர்த்திவிடும்.

இதுவரை சொன்னவை மீனைப் பிடிக்கும் வழிகள். நான் சிறப்பாகச் சொல்ல வந்தது பிடிக்கலாகாத மீனைப் பற்றி. அதற்கு விரால் மீனின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

விரால் நீரில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிப்பது. தாமரையும் ஆம்பலும் படர்ந்த இடுக்குகளில் அது அவ்வப்போது மேலெழுந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் செல்லும். அந்தக் குமிழியைக் கண்டு, இலைகளுக்கிடையே தவளையையோ ரப்பரால் செய்த பொய்த்தவளையையோ தத்தவிட்டு இழுப்பது விரால் தூண்டிலின் முறை. பாய்ந்தவுடன் சொடுக்கினால் மீன் தப்பும். இரண்டு எண்ணும் வரை பொறுத்துச் சொடுக்குதல் வேண்டும்.

மழைக்காலத்தில் விரால் பூண்டுகளை ஒதுக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் நீரில் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பந்துபோலத் திரண்டு நீர்மட்டத்தில் நகரும். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு அருகில் எது விழுந்தாலும், பசியினால் அன்று, குஞ்சுகளைக் காக்கும் சினத்தினால் அவை பாயும். ஆகவே அவ்வேளையில் விராலைப் பிடிப்பதுபோல் எளியது வேறில்லை. பொய்யிரையை ஒருமுறை வீசினால் போதும்.

எளிது என்பதனாலேயே அது கூடாது. காவல் போனால் கெண்டையும் கெளுத்தியும் பாம்பும் பறவையும் அக்குஞ்சுகளைச் சிறிது நேரத்தில் தீர்த்துவிடும். நாம் கரையேற்றுவது ஒரு மீன். இழப்பது ஏரியின் அடுத்த தலைமுறை. செம்மஞ்சள் பந்து தென்பட்டால் கோலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் செல்வதே தூண்டில்காரனுக்கு அழகு. மற்றக் காலத்திலும் சினை மீனும் சிறு மீனும் அகப்பட்டால் விட்டுவிடுக. அதற்கும் முறை உண்டு. முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிட்டால் முள் எளிதாகக் கழலும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்க. உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். தலை முன்னாக நீருள் பிடித்து, அது தானே நழுவும் வரை காத்திருக்க.

இது ஏதோ மென்மனம் படைத்தோர் கூற்று அன்று. சென்னை மாகாணத்து ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873இலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி 1887இலும் நூல்கள் எழுதினார். தூண்டிலில் பேரார்வம் கொண்ட அவரே, குஞ்சுகளை வாரும் நுண்கண் வலைகளையும் நீரில் நஞ்சிடுவதையும் எதிர்த்துப் பேசியவர். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்வதைக் குற்றமாக்கியது. நீரின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பவர்க்கே அதன் அழிவு முதலில் தெரிகிறது.

பிறமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு மேலும் ஒரு பயன் உண்டு. ஏரிகளின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஊராட்சியிடமோ குத்தகை எடுத்தவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும். முதலில் இசைவு கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பேச்சுத் தொடங்கிவிடும். நாம் தூண்டில் என்பதை மலையாளத்தார் சூண்ட என்பர். தெலுங்கர் காலம் என்பர். வங்காளத்தில் கோலுக்குச் சிப் என்றும், தூவும் இரைக்குச் சார் என்றும் பெயர். மும்பையில் பவாய் ஏரிக்கரையில் தூண்டில்காரர்களின் சங்கமே உண்டு. விராலை வரால் என்றும், கொர்ரமீனு என்றும், ஷோல் என்றும் அவரவர் மொழியில் சொல்லக் கேட்கும்போது, அயலூர் சிறிது நம்மூராகிவிடும். மொழி போதாத இடத்தில், ஒருவர் அருகில் ஒருவர் தக்கையைப் பார்த்தபடி பேசாதிருப்பதும் ஒரு நட்பே.

மீண்டும் நாகலாபுரத்துக்கு வருவோம். மச்சாவதாரக் கதையில் மனுவின் உள்ளங்கை நீரில் ஒரு சிறு மீன் வந்து சேர்கிறது. பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடும், காப்பாற்றுக என்று வேண்டுகிறது. மனு அதைக் கலத்திலும், பின் குளத்திலும், ஆற்றிலும், கடலிலும் விட்டு வளர்க்கிறார். ஊழி வெள்ளம் எழுந்தபோது அம்மீனே அவருடைய ஓடத்தை இழுத்துச் சென்று கரை சேர்க்கிறது. பக்தர்க்கு அது இறைவனின் திருவிளையாடல். தூண்டில்காரர்க்கோ அதில் ஓர் அறிவுரையும் இருக்கிறது: கைக்குள் வந்த சிறு மீனை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பின்னாளில் நமக்கு நேர்வது அமையும்.

அடுத்த ஞாயிறன்று கரையில் அமரும் நேயர்கள் கூடை நிறைய மீனோடு வீடு திரும்புக. நீரிலே விட்டுவந்த ஒரு மீனின் கதையும் அவர்களுடன் வீடு வந்து சேர்க.