நூறு சதவீதம், ஆனா எத்தனை பேர்ல?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த வாரம் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் பள்ளிகளோட ஃப்ளெக்ஸ் இருக்கும். 100 சதவீதத் தேர்ச்சி, இத்தனை சென்டம், வரிசையா பசங்க போட்டோ. ஒரு மேல்நிலைப் பள்ளி நல்ல பள்ளியான்னு நம்மள்ல பலபேர் முடிவு பண்றது அதை வச்சுத்தான். ஒரு பள்ளியோட தரத்தை உண்மையிலேயே எப்படி அளக்கலாம்? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறேன்.

நான் சாப்ட்வேர்ல வேலை பார்க்கிறேன். எங்க வேலையில ஒரு எண் ரொம்ப அழகா இருந்தா சந்தோஷத்துக்கு முன்னாடி சந்தேகம் வரும். "எல்லா டெஸ்டும் பாஸ்"னு ரிப்போர்ட் வந்தா, மொத்தம் எத்தனை டெஸ்ட், அதுல எத்தனையை ஓட்டாம விட்டாங்கன்னு பார்ப்போம். பள்ளி ரிசல்ட்லயும் அதையே கேக்கணும். 100 சதவீதம்னா எத்தனை பேர்ல?

தேர்வு எழுதினவங்கள்ல மட்டும். உதாரணத்துக்கு, பிளஸ் ஒன்ல 120 பேர் சேர்றாங்க. பிளஸ் டூ எழுதறது 100 பேர், நூறு பேரும் பாஸ். விளம்பரத்துல 100 சதவீதம். காணாமப்போன 20 பேர் எந்தக் கணக்குலயும் இல்ல. பக்கத்துப் பள்ளியில 120 பேர் சேர்ந்து, 120 பேரும் எழுதி, 108 பேர் பாஸ். அது 90 சதவீதம். அதிகப் பசங்களைக் கரை சேர்த்தது ரெண்டாவது பள்ளி, ஆனா நாம "ரிசல்ட் சுமார்"னு சொல்லிடுவோம்.

என்கூடப் படிச்ச ஒருத்தனோட அப்பாவை பிளஸ் ஒன் முடியற நேரத்துல ஸ்கூலுக்குக் கூப்பிட்டாங்க. "இங்க இருந்தா ஃபெயில் ஆயிடுவான், வேற இடம் பாருங்க"ன்னு சொல்லி டிசியைக் கையில கொடுத்துட்டாங்க. பிளஸ் டூவுக்கு நேரடியா எடுத்துக்க எந்த ஸ்கூலும் தயாரா இல்ல. ஒரு வருஷம் வீணாச்சு. அப்புறம் தனித்தேர்வரா எழுதி பாஸ் பண்ணான். அதாவது அவனால முடியும். ஸ்கூலுக்குத்தான் அந்த ரிஸ்க் எடுக்க மனசில்ல.

இதுக்கு ஒரு பேர் உண்டு, குட்ஹார்ட் விதி. சார்ல்ஸ் குட்ஹார்ட்ங்கிற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975-ல பணக்கொள்கை பத்திச் சொன்ன விஷயம் அது. எளிமையா சொன்னா, ஒரு அளவை இலக்கா மாத்திட்டா, எல்லாரும் அந்த எண்ணைத் துரத்துவாங்க. அந்த எண் எதைக் காட்டணுமோ அதைக் காட்டறதை நிறுத்திடும்.

தமிழ்நாட்டுல இதை நாம நேர்லயே பார்த்தோம். பிளஸ் டூ மார்க் மட்டும்தான் எண்ணப்படும்னு இருந்ததால, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினாங்க. காலேஜ் முதல் வருஷம் கணக்குல திணறினவங்களுக்கு அதோட வலி தெரியும். 2017-ல அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தினாங்க. 2017-18-லேருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. 1200 மார்க் 600 ஆச்சு. அடுத்த வருஷமே, காலேஜ் சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு மாத்தினாங்க. 2025-ல பிளஸ் ஒன் பொதுத்தேர்வே ரத்து. மாணவர்கள் மேல இருந்த அழுத்தம் உண்மை, அதை நான் மறுக்கல. ஆனா பள்ளியை எடைபோடற அளவுகோல் மாறாம, தேர்வை மட்டும் சேர்த்து எடுத்துன்னு பேட்ச் போட்டுக்கிட்டே இருந்தா, பழைய பழக்கம் திரும்ப வர வழி இருக்கு.

சரி, வேற அளவுகோல் இல்லையா? இருக்கு. 2015-ல மத்திய அரசு 'ஷாலா சித்தி'ன்னு ஒரு பள்ளி மதிப்பீட்டு முறை கொண்டுவந்தாங்க. 7 துறைகள், 46 தர அளவுகள். வசதிகள், கற்பித்தல், மாணவர் முன்னேற்றம், ஆசிரியர் வளர்ச்சி, தலைமை, பாதுகாப்பும் எல்லாரையும் சேர்த்துக்கறதும், ஊர் மக்கள் பங்கு. முதல்ல பள்ளி தன்னைத்தானே மதிப்பிடணும், அப்புறம் வெளியாள் வந்து பார்க்கணும், கடைசியில முன்னேற்றத் திட்டம் எழுதணும்.

இதுல எனக்குப் பிடிச்சது, ஒரு வசதி இருக்கா, போதுமா அப்படிங்கிறதோட நிக்காம, அது பயன்படுற நிலையில இருக்கான்னும் தனியா கேக்கறாங்க. லேப் இருக்கு, சாவி ஹெச்.எம். ரூம்ல தொங்குது. இதைப் பிடிக்க அந்த ரெண்டாவது கேள்வி வேணும். பலவீனமும் இருக்கு. தனக்குத்தானே மார்க் போட்டா கை தாராளமாத்தான் இருக்கும். ஏற்கெனவே ஆன்லைன் பதிவுல மூழ்கியிருக்கிற ஆசிரியருக்கு அது இன்னொரு ஃபார்ம் ஆகிடும். முக்கியமா, பெற்றோர் பலருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. யாரும் படிக்காத ரிப்போர்ட் எதையும் மாத்தாது.

அதனால, அட்மிஷனுக்குப் போறப்போ நாமே நாலு கேள்வி கேக்கலாம்.

ஒண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி பிளஸ் ஒன்ல சேர்ந்தவங்க எத்தனை, பிளஸ் டூ எழுதினவங்க எத்தனை? குறைஞ்சிருந்தா அவங்க எங்க போனாங்க? பாலிடெக்னிக், ஐடிஐ, ஊர் மாற்றம்னு நியாயமான காரணம் இருக்கலாம். பதிலே இல்லைன்னா அதுவே ஒரு பதில்.

ரெண்டு, பத்தாவதுல என்ன மார்க்கோட வந்தவங்க இங்க என்ன மார்க்கோட வெளிய போறாங்க? 450-க்கு மேல எடுத்தவங்களை மட்டும் சேர்த்துக்கிட்டு ரிசல்ட் காட்டறது ஒரு வேலை. வர்ற எல்லாரையும் சேர்த்து மேல கொண்டுவர்றது வேற வேலை. பல அரசுப் பள்ளிகள் செய்யறது இந்த ரெண்டாவது வேலை.

மூணு, இதை அங்க படிக்கிற பசங்ககிட்ட கேளுங்க. கடைசியா எப்ப லேப்ல நீயே கைவச்சு செஞ்ச? பி.இ.டி. பீரியடை யார் வாங்கிக்கறாங்க?

நாலு, காலாண்டுத் தேர்வுல ஃபெயில் ஆன பையனுக்கு அடுத்த வாரத்துலேருந்து என்ன நடக்கும்? "பேரன்ட்ஸைக் கூப்பிடுவோம்" மட்டும்னா அது திட்டம் இல்ல.

அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், மொத்தத்துல பாதி பெண்கள். இந்தக் கேள்விகளை வைக்கறதுக்கான இடமே அதுதான். கூட்டம் முடிஞ்சப்புறம் நோட்டுல கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராதீங்க.

மார்க் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. இன்ஜினியரிங் கவுன்சலிங்ல கட்-ஆஃப்தான் சீட்டைத் தீர்மானிக்குது, அது நமக்கெல்லாம் தெரியும். ஆனா உங்க குழந்தை எப்பவும் முதல் பத்து பேருக்குள்ளயே இருக்கும்னு உறுதி கிடையாது. ஒரு வருஷம் சறுக்கினா அந்தப் பள்ளி கையைப் பிடிக்குமா, டிசியைக் கொடுக்குமா? சேர்க்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது அதுதான்.

உங்க ஊர்ப் பள்ளியில இந்த நாலு கேள்வியையும் கேட்டுப் பாருங்க, என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.