பாட்டுக்குள் புகுந்த இரைச்சல்



பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மவர்க்குத் தமிழ்ப் பாட்டின் மீதுள்ள பற்று, ஊரில் இருப்பவர்க்கு உள்ளதைவிடச் சற்று மிகுதி என்றே சொல்லலாம். தில்லியிலும் மும்பையிலும் அலுவலகம் சென்று திரும்பும் நேரத்தில் காரில் கேட்கும் பாட்டுத்தான் பலருக்கு அன்றாடத் தமிழ். முன்பெல்லாம் இரவு வேளையில் மத்திய அலையில் மெலிந்து வரும் தென்னாட்டு நிலையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியைத் திறந்தால் போதும். ஆகவே பழைய கார் வைத்திருப்போர், அதனோடு வந்த வானொலிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொரு பெட்டியைக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். பாட்டு நன்றாக வருகிறது. அழையாத விருந்தாளியாக ஓர் இரைச்சலும் அதனுடன் வந்து சேர்கிறது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு போக்குவது என்பதே இன்றைய பேச்சு.

நான் பொறியியல் படித்தவன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். இது பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: இந்த இரைச்சலுக்காக ஒரு பெருந்தொகையை வீணாக்க இருந்தேன்.

ஒரு குளிர்காலத்தில் என் தந்தையார் ஊரிலிருந்து தில்லிக்கு வந்திருந்தார். எண்பது வயதை நெருங்கியவர். காது சற்று மந்தம். ஆனால் நாதசுரம் என்றால் மந்தமெல்லாம் பறந்துவிடும். அவருக்காகவே என் பழைய காரில் புதிய பெட்டி ஒன்றும், அதன் ஒலியைப் பெருக்க இருக்கைக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தச் செய்தேன். மறுநாள் காலையில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் புறப்பட்டோம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்தேன். தந்தையார் சிறிது நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, உள்ளே ஒத்து ஊதுகிறவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே! நீ வண்டியை வேகமாக விட்டால் அவனும் சுருதியை ஏற்றுகிறான். இப்படி ஒத்து ஊதுகிறவனை நான் பார்த்ததே இல்லை."

பொருத்திக் கொடுத்த மிஸ்திரியிடம் போனேன். அவர் செவிமடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் அரை மாதச் சம்பளம். சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் தந்தையாரின் சொல் நினைவுக்கு வந்தது. வேகத்தோடு சுருதி ஏறுகிறது என்று அவர் சொன்னாரே, அதிலேயே நோயின் குறி அடங்கியிருந்தது. மொழிபெயர்ப்புத் தொழிலில் எங்களுக்கு முதற்பாடம், மூலத்தை முழுவதும் படிக்காமல் பேனாவைத் தொடாதே என்பது. இங்கே மூலம் அந்த இரைச்சல்தான். அதை முதலில் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

காரில் எழும் இரைச்சல் எல்லாம் ஒரு சாதி அல்ல. இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙீ' என்ற ஊளை ஒரு வகை. இது ஆல்டர்னேட்டரிலிருந்து பிறப்பது. வேகத்தோடு நெருங்கியும் விலகியும் ஒலிக்கும் 'டிக் டிக்' என்ற வெடிப்பு இரண்டாவது வகை. இது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் பொறியால் வருவது. இயந்திர வேகம் எதுவாயினும் மாறாது நிற்கும் முனகல் மூன்றாவது. எரிபொருள் பம்பையோ குளிர்காற்று விசிறியையோ ஐயுறலாம். கைப்பேசியை மின்னேற்றும்போது மட்டும் வருவது நான்காவது. குற்றம் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவான சார்ஜரில் இருக்கக்கூடும். இயந்திரம் ஓடாதபோதும் கேட்கும் 'உஸ்' என்ற ஓசை ஐந்தாவது. ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை அளவுக்கு மேல் திருப்பியதால் பெரும்பாலும் வருவது.

பொறியின் இரைச்சல் மிகப் பழமையானது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டு மோட்டரோலா என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் இதுவே பெருந்தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு மின்னலே. அது வானொலி அலையைப் பரப்பும். மத்திய அலையை அது மிகுதியாகக் கெடுக்கும். பண்பலையைக் குறைவாகவே தொடும். மின்தடை சேர்ந்த பிளக்குகளும் பிளக் கம்பிகளும் வந்தபின் இத்தொல்லை பெரிதும் அடங்கியது. இன்று அது கேட்டால், பிளக் கம்பி பழுதாகிவிட்டது, அல்லது தவறான வகைப் பிளக் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி ஆல்டர்னேட்டரின் ஊளைக்கு வருவோம். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். அதற்குள் இருக்கும் டயோடுகள் அதனை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆயினும் அது முற்றிலும் சமதளமாகி விடுவதில்லை. சிற்றலை ஒன்று மிஞ்சும். ஆறு இணைத் துருவங்கள் உடைய ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், அந்தச் சிற்றலை விநாடிக்கு 1,800 முறை எழும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் இருப்பது அது. வேகம் கூடினால் எண்ணிக்கை கூடும், சுருதியும் ஏறும். என் தந்தையார் கேட்ட ஒத்து இதுதான்.

ஆனால் இச்சிற்றலை நல்ல நிலையிலுள்ள காரிலும் உண்டு. அது பாட்டுக்குள் புகுவதற்கு வழி ஒன்று வேண்டும். பெரும்பாலும் அவ்வழியைத் திறந்து விடுவது 'எர்த்' என்று நாம் சொல்லும் இணைப்பு. இச்சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. கார் ரப்பர்ச் சக்கரத்தின் மேல் நிற்கிறது. அதற்கும் பூமிக்கும் இங்கே தொடர்பு இல்லை. பாட்டரியின் எதிர்முனையைக் காரின் இரும்பு உடலோடு சேர்த்திருக்கிறார்கள். எல்லா மின்சாரமும் அந்த உடல்வழியே திரும்புகிறது. ஆகவே காரில் எர்த் என்பது திரும்பும் பாதையே.

இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தால், நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்வரை குழாயில் ஓட்டமில்லை. மட்டம் சிறிது மாறினாலும் நீர் பாயும். பெட்டி ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலும் உடலோடு இணைந்திருக்கின்றன. இணைப்பு ஒன்று தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் இரண்டின் மட்டமும் வேறுபடும். அப்போது மின்சாரம், பாட்டைச் சுமந்து செல்லும் ஆர்.சி.ஏ. கம்பியின் மேலுறை வழியே பாயும். சிற்றலையும் கூடவே பாட்டில் ஏறிவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கித் தரும்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே அதன் விதி. இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்கும்போது திறந்த வெளியில் நிற்க வேண்டும். மூடிய கொட்டகையில் புகை உயிரைக் குடிக்கும்.

முதலில் ஒலியளவை முற்றிலும் குறையுங்கள். இரைச்சல் மாறாது நின்றால், அது ஒலியளவுத் திருகுக்குப் பின்னால், பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலோ அதற்கு அப்பாலோ புகுகிறது. திருகோடு சேர்ந்து குறைந்தால், அது திருகுக்கு முன்னால் புகுகிறது. வானொலியில் மட்டும் கேட்டால் ஆன்டெனாவையும் அதன் கம்பியையும் பாருங்கள். கைப்பேசியைக் கம்பிவழி இணைத்தால் மட்டும் கேட்டால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, பெட்டியை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் செருகியுள்ள ஆர்.சி.ஏ. கம்பிகளைக் கழற்றி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. கம்பி வழியாகத்தான் வருகிறது. நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் மின்இணைப்பையோ எர்த்தையோ ஆராய வேண்டும்.

பின்னர் மல்டிமீட்டர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு உரக்க ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே நேர்மின் வோல்ட்டை அளந்தால், வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வருதல் நன்றன்று. பாட்டரியின் இரு முனைகளுக்கு இடையே மாறுமின் அளவில் வைத்துப் பார்க்கையில் அரை வோல்ட்டை எட்டினால், அப்போதுதான் ஆல்டர்னேட்டரின் டயோடை ஐயுற வேண்டும்.

என் காரில் இவ்வாறே செய்தேன். ஆம்ப்ளிஃபயர்க் கம்பிகளைக் கழற்றியதும் ஒத்து நின்றது. ஆல்டர்னேட்டரின் அளவும் சரியாகவே இருந்தது. எர்த்தை அளந்தேன், ஏறத்தாழ அரை வோல்ட். கம்பியைத் தொடர்ந்து போனால், இருக்கைக்கு அடியில் வண்ணம் பூசிய தகட்டின் மேல் ஒரு சிறு திருகால் அதை இறுக்கியிருந்தார்கள். வண்ணம் மின்சாரத்துக்குத் தடை. திருகின் புரி மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றினேன். உப்புத்தாளால் தகட்டை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டும் கொண்டு எர்த் கம்பியை இறுக்கினேன். துருப்பிடியாதிருக்க அதன்மேல் கிரீஸ் தடவினேன். மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். எர்த் கம்பி பாட்டரிக் கம்பியின் பருமனே உடையதாகவும், இயன்றவரை குட்டையாகவும் இருத்தல் வேண்டும். பாட்டரிக் கம்பியும் பாட்டுக் கம்பியும் காரின் ஒரே பக்கமாகச் சேர்ந்து ஓடலாகாது. கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

அந்தக் கம்பியைத் தேடும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் தடித்த கம்பியில் பியூஸே இல்லை. எங்கேனும் தகட்டின் விளிம்பில் அதன் உறை தேய்ந்து உடலைத் தொட்டிருந்தால், கார் தீப்பற்றியிருக்கும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் கம்பிக்குத் தக்க பியூஸ் இருந்தே தீர வேண்டும். இரைச்சல் காதுக்குத்தான் துன்பம். இது உயிருக்கே தீங்கு. உங்கள் காரில் பியூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடைகளில் இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவிகள் விற்கிறார்கள். அவற்றால் பயன் உண்டு. ஆனால் மலிவானவை மத்தளத்தின் தாழ்ந்த நாதத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். எர்த்தைச் செப்பம் செய்த பின்னரே அவற்றை நாட வேண்டும். மின்கார், ஹைபிரிட் கார் வைத்திருப்போர் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

எனக்கு ஆன செலவு ஒரு போல்ட், ஒரு பியூஸ், ஓர் உப்புத்தாள். அடுத்த வாரம் மலை மந்திருக்குப் போகும் வழியில் அதே தோடியை வைத்தேன். தந்தையார் கண்ணை மூடிக்கொண்டார். கோயில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினேன். "இருப்பா, முடியட்டும்" என்றார். பாட்டு முடியும்வரை இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.