நாலு பேரைக் கூட்டும் குணம்

  

ஊருக்கு ஒருத்தர் இப்படி இருப்பார். குழாயடியில் எல்லாரோடும் பேசுவார். வரிசை கலைந்தால் சரி செய்வார். கல்யாண வீட்டில் எத்தனை இலை விழும், எவ்வளவு அரிசி வேண்டும் என்று விரல்விட்டுச் சொல்வார். இன்றைய வேலையை நாளைக்குத் தள்ள மாட்டார். ஆணாக இருந்தால் அவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். பெண்ணாக இருந்தால் வாயாடி என்கிறோம். இது என்ன நியாயம்?

இந்தக் குணம் தொழிலில் எவ்வளவு உதவும் என்பதற்கு மும்பையில் நடந்த கதையைக் கேளுங்கள். அப்போது அந்த ஊருக்குப் பெயர் பம்பாய்.

1959-ஆம் ஆண்டு மார்ச் 15. கிர்காம் பகுதியில் ஒரு மொட்டை மாடி. குஜராத்திப் பெண்கள் ஏழு பேர் அங்கே கூடினார்கள். ஒருவர் பெயர் ஜஸ்வந்திபென் போபட். அதிகம் படித்தவர்கள் இல்லை. அப்பளம் இடத் தெரியும், அவ்வளவுதான். 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். மாவும் சாமானும் வாங்கினார்கள். முதல் நாள் நாலு பாக்கெட் அப்பளம் ஆனது. தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

அப்பளம் யாரும் இடலாம். ஆனால் ஏழு பேரை ஒன்றாக உட்கார வைக்க ஒருத்தர் வாய் திறக்க வேண்டும். கடன் கேட்க வேண்டும். கடை ஏறி விலை பேச வேண்டும். கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருந்தால் நடக்குமா?

மழைக்காலம் வந்தது. வெயில் இல்லை, அப்பளம் காயவில்லை. முதல் வருஷம் நாலு மாதம் வேலை நின்றுவிட்டது. நாலு மாதம் காசு வராவிட்டால் வீடு என்ன ஆகும்? உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வானத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அடுத்த வருஷம் அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் ஸ்டவ். அப்பளம் காய்ந்தது. மழையிலும் வேலை நடந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை, பாருங்கள்!

பிறகு ஆள் பெருகியது. மாடியில் இடம் போதவில்லை. மாவை ஒரே இடத்தில் பிசைந்தார்கள். பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பளம் இட்டுக் கொண்டு வந்தார்கள். இன்றும் இதுதான் முறை. கொண்டு வந்த அப்பளத்தைப் பரிசோதிப்பார்கள், எடை போடுவார்கள். இட்ட அளவுக்குக் கூலி கொடுப்பார்கள். ஒரே அளவு, ஒரே ருசி. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இரண்டாம் முறை யார் வாங்குவார்கள்?

இந்தக் குணத்தில் ஒரு குறையும் உண்டு. தாங்களே பேசி, தாங்களே முடிவு செய்துவிடுவார்கள். மற்றவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். அந்த அப்பளச் சங்கத்தில் அதற்கும் வழி வைத்தார்கள். அங்கே முதலாளி கிடையாது. அப்பளம் இடும் ஒவ்வொருவரும் பங்காளி. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஆகவே வாயுள்ளவர் கொஞ்ச நேரம் வாயை மூடி, பேசாதவரைப் பேசச் சொல்ல வேண்டும். அது அவருக்குச் சிரமம்தான்!

அந்தச் சங்கம்தான் லிஜ்ஜத் அப்பளம். லிஜ்ஜத் என்றால் குஜராத்தியில் ருசி. ஏழு பேர் தொடங்கியதில் இன்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.