ஒரே குறை, வெவ்வேறு கசிவு



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பது பழகிய வழக்கம். நெருங்கிய உறவில் மணக்கும்போது, இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப் பிள்ளைக்கு வரக்கூடிய ஒரு நோயை, 1918இல் சுவிஸ் மருத்துவர் கிளான்ஸ்மான் விவரித்தார். இதில் இரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

ஒரே வீட்டில் அக்காளுக்கு ஈறு மட்டும் கசியலாம். தம்பிக்கோ மூக்கில் வடியும் இரத்தம் நிற்காது. 1990இல் 177 நோயாளிகளைக் குறித்து வெளியான ஆய்வு, தட்டணுக் குறையின் அளவைக் கொண்டு கசிவின் கடுமையைக் கணிக்க முடியாது என்றது. வயது, ஈறுகளின் நலம், மாதவிலக்கு, ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் எல்லாம் அதை மாற்றும்.

ஆகவே, இன்று கொஞ்சமாகக் கசியும் பிள்ளையையும் அலட்சியமாக விடாதிருங்கள். பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் நிற்காத வேளையில், நீங்கள் தானமாகக் கொடுக்கும் தட்டணுக்களே ஒரு பிள்ளையைத் தப்புவிக்கக்கூடும்.